பெங்களூரில் தமிழில் நடக்கும் குடிமீட்புக் குழுவைக் கண்டுபிடிப்பது எப்படி?

குடியை விட நினைப்பவர் பெங்களூரில் பெரிய பெயருள்ள மையத்தைத் தேடி அலைய வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில், தனக்கு வாய்க்கு வரும் பாஷையில் நடக்கும் ஒரு மீட்டிங் போதும். வைட்ஃபீல்டில் வேலை முடித்து, சாயங்கால டிராஃபிக்கில் ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டிய குழு என்றால், எப்பேர்ப்பட்ட வைராக்கியக்காரரும் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார்.

முதல் படி: உடம்பைப் பாருங்கள்

காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாட்கள் கழித்து, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, இடம் நேரம் புரியாமல் போவது என்று முற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் டாக்டர். ஓசூர் ரோட்டில் உள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் குடி, போதை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நடுக்கத்தை அடக்கும் மருந்தோடு தயமின் என்கிற வைட்டமினும் கொடுப்பார்கள். இந்த வேலையைக் குழு செய்யாது.

இரண்டாவது படி: சரியான இடத்தில் விசாரியுங்கள்

கூகுளில் தேடினால் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் தனியார் மையங்களின் விளம்பரம். போனை எடுத்ததும் பேக்கேஜ் சொல்வார்கள், ‘வண்டி அனுப்புகிறோம், ஆளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம்’ என்பவர்களும் உண்டு. அது குழு அல்ல. ஆளைச் சேர்த்துக்கொண்டு சிகிச்சை தரும் மையம், 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றினால், போனை வைத்துவிடுங்கள்.

நாம் தேடுவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கியது. இரண்டு பேருமே குடியால் கெட்டவர்கள். குடித்து மீண்டவர், குடிக்கிறவரோடு பேசுவதுதான் இதன் அடிப்படை. கட்டணம் கிடையாது. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் தொடர்பு எண்கள் கிடைக்கும். அது சரிப்படாவிட்டால், மத்திய அரசின் போதை மீட்பு எண் 14446. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. எடுத்ததும் ‘தமிழில் பேசணும்’ என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது படி: போனில் என்ன கேட்பது?

பலர் இங்கேதான் தயங்குவார்கள். கதை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இப்படிக் கேட்டால் போதும்:

‘சார், நான் புதுசா வரணும். அல்சூர் பக்கம் தமிழ் மீட்டிங் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டா?’

ஓப்பன் என்றால் மனைவியோ நண்பரோ கூட வந்து உட்காரலாம். க்ளோஸ்ட் என்றால் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். அல்சூர் கிடைக்காவிட்டால் சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று தமிழர் அதிகமுள்ள பகுதிகளைச் சொல்லிக் கேளுங்கள். மெட்ரோவை ஒட்டிய இடமாக இருந்தால் நல்லது. வழியில் எத்தனை எம்.ஆர்.பி. கடையை, அதாவது மதுக்கடையை, தாண்ட வேண்டும் என்பதையும் யோசியுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெண்கள், பெண்களுக்கு மட்டுமான மீட்டிங் உண்டா என்று கேட்கலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் ஆன்லைன் மீட்டிங்கில் தொடங்கலாம்.

நான்காவது படி: போய் உட்காருங்கள்

பெரும்பாலும் சர்ச்சுக்குப் பக்கத்தில் உள்ள அறை அல்லது பள்ளிக்கூட வகுப்பறையாக இருக்கும். இதனால் மதம் மாற்றுவார்களோ என்று சிலர் பயப்படுவதுண்டு. இடம் கிடைப்பதால் அங்கே நடக்கிறது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, டீ. ஒருவர் எழுந்து ‘என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார். அடமானம் வைத்த தாலியையும் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொல்வார். குறுக்கே யாரும் புத்திமதி சொல்வதில்லை. உங்கள் முறை வந்தால் பேரை மட்டும் சொல்லி ‘இன்னிக்குக் கேட்டுக்கிறேன்’ என்றால் விட்டுவிடுவார்கள். நடுவில், விருப்பப்பட்டவர்கள் காசு போட ஒரு பையோ தட்டோ சுற்றி வரும். புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டாம்.

முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். டீ குடிக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் போன் நம்பர்கள் கைமாறும். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு குவார்ட்டர் வாங்கலாமா என்று மனசு இழுக்கும்போது அந்த நம்பர்தான் வேண்டும். அப்புறம், ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

வீட்டிலிருப்பவர்களுக்கு

குடிக்கிறவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் குழு இருக்கிறது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: குடியை நிறுத்தும் மாத்திரை என்று யாரோ கொடுத்ததைக் குழம்பில் தெரியாமல் கலப்பது. அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அது உடம்பில் இருக்கும்போது அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளுக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை, சாப்பிடுகிறவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு டாக்டர்தான் கொடுக்க வேண்டும்.