டிகிரி இல்லாமல் நல்ல சம்பளம்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வேலை வழிகாட்டி

ஓசூர் சிப்காட், பர்கூர், குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி என்று நம் பக்கத்தில் ஆலைகளுக்குக் குறைவில்லை. ஆள் எடுப்பதும் நிற்பதில்லை. ஆனால் பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ கிளம்பிப் போகும் பிள்ளைகளில் பலர் லேபர் கான்ட்ராக்டர் மூலமாக உற்பத்தி லைனில் சேர்கிறார்கள். மூன்று வருடம் கழித்தும் அதே வேலைதான், சம்பளமும் ஏறக்குறைய அதேதான். ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைக்கு ஒரே நாளில் மாற்று ஆளும் கிடைத்துவிடுவார், அதனால் சம்பளம் ஏறுவதில்லை. மெஷினை செட் செய்வது, டிராயிங் படிப்பது, எக்ஸ்ரேயில் தேறும் வெல்டிங் போடுவது, லைசென்ஸோடு வயரிங் செய்வது போன்ற வேலைகளுக்கு ஆள் சுலபமாகக் கிடைப்பதில்லை. இந்த வழிகாட்டி அவற்றைப் பற்றியது.

முதலில் பத்தாம் வகுப்பு. அதில் தவறியவர்கள் வேறு எதையும் தொடங்குமுன் தனித்தேர்வராக எழுதி முடித்துவிடுங்கள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலைய) பிரிவுகள், குரூப் 4, காவலர் தேர்வு, ரயில்வே எல்லாமே அந்த ஒரு சான்றிதழில்தான் தொடங்குகின்றன. வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் இருந்தாலும் அது வேண்டும். பத்து தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) என்று குறிப்பு விழும். சவுதி, கத்தார், குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியாகக் குடியேற்ற அனுமதி வாங்கவேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கு ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் பிரிவுகள் திறந்திருக்கின்றன.

அடுத்தது ஐடிஐ. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பஸ் பாஸ், சீருடை, சைக்கிள் எல்லாம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஆன்லைன் விண்ணப்பம் தொடங்கிவிடும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கையும் அதற்கு முன்பே தயாராக வைத்திருங்கள். சாதிச் சான்றிதழுக்காக ஈ-சேவை மையத்தில் காத்திருந்து முதல் சுற்றுக் கலந்தாய்வைத் தவறவிட்டால், பிறகு கிடைப்பது யாரும் எடுக்காத பிரிவாக இருக்கும்.

எந்தப் பிரிவு? நம் மாவட்டங்களுக்கு எங்கள் வரிசை இது: இரண்டு வருட மெஷினிஸ்ட் அல்லது டர்னர், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், பிறகு ஒரு வருட வெல்டர். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து மேம்படுத்தப்பட்ட அரசு ஐடிஐகளில் அட்வான்ஸ்டு சிஎன்சி (கணினி புரோகிராமில் ஓடும் வெட்டு மெஷின்), ரோபாட்டிக்ஸ், மின்வாகன மெக்கானிக் பிரிவுகள் வந்திருக்கின்றன. ஓலா, ஏத்தர், டிவிஎஸ் எல்லாம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வண்டி செய்யும்போது, இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேரலாம். தனியார் ஐடிஐ என்றால் அந்தப் பிரிவுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில்) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் விரும்பினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

ஐடிஐக்குப் பிறகு அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) என்று சேர்ப்பார்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அப்ரன்டிஸ் சட்டப்படி சேர்ந்தால், மத்திய அரசின் அப்ரன்டிஸ்ஷிப் இணையதளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகி, அதற்கு ஒரு எண் வரும். முடிவில் தேர்வு எழுதி என்ஏசி (தேசிய அப்ரன்டிஸ்) சான்றிதழ் வாங்கலாம். அதை அரசு நிறுவனங்கள் பலவும் மதிக்கின்றன. வெறும் ‘டிரெய்னி’ என்று ஐடி கார்டு கொடுத்து லைனில் நிறுத்தினால் வருடக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாது. சேரும் வாரத்திலேயே ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள். அப்ரன்டிஸ் முடித்தவரை வேலைக்கு எடுத்தே ஆகவேண்டும் என்று கம்பெனிக்குக் கட்டாயம் இல்லை. அந்த ஒரு வருடத்தில் என்ன கற்றீர்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த வேலை.

சிஎன்சி பக்கம் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும். பொருளை மாட்டி பட்டனை அழுத்துபவர் ஆபரேட்டர். டூல் மாட்டி, ஆஃப்செட் (டூலின் இடத்துக்கான திருத்த அளவு) கொடுத்து, முதல் பீஸை அளவுக்குக் கொண்டுவருபவர் செட்டர். புரோகிராம் எழுதுபவர் அதற்கும் மேலே. சம்பள ஏற்றமும் இதே படிகளில்தான். ஆபரேட்டராகச் சேர்ந்து ஒரு வருடத்துக்குள் செட்டிங் கற்காவிட்டால் கம்பெனியை மாற்றுங்கள்.

இன்டர்வியூவில் கையில் ஒரு வெர்னியரைக் கொடுத்து அளவு சொல்லச் சொல்வார்கள். சாதாரண வெர்னியரின் நுண்ணளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மிமீ, மைக்ரோமீட்டருக்கு 0.01 மிமீ. அளக்கும் முன் இரண்டு தாடையையும் துடைத்து மூடி, பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அதைச் செய்யாமல் அளக்கத் தொடங்கினாலே மதிப்பெண் போய்விடும். அடுத்த கேள்வி ஆஃப்செட் பற்றி வரும். லேத்தில் (கடைசல் மெஷினில்) வெளிவிட்டம் 0.04 மிமீ கூடுதலாக வந்தால் எக்ஸ் திசைக்கான வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத் திருத்தத்தில்) மைனஸ் 0.04 கொடுக்கவேண்டும், ஏனென்றால் பெரும்பாலான லேத்களில் எக்ஸ் விட்டக் கணக்கில் இருக்கும். ஆரம் என்று நினைத்துப் பாதியைக் கொடுத்தால் அடுத்த பீஸும் அளவுக்கு வராது. பிளஸ் கொடுத்தால் இன்னும் பெரிதாகும். இன்செர்ட்டை (டூலின் வெட்டுமுனையை) மாற்றிவிட்டு பழைய வேர் மதிப்பை அப்படியே விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு. தேய்ந்த முனைக்குக் கொடுத்த திருத்தம் புதிய முனைக்கும் சேர்ந்துவிடுவதால் முதல் பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடும். ஜி00, ஜி01, ஜி02, எம்03, எம்08 ஆகிய புரோகிராம் கட்டளைகள் என்ன செய்யும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

வெல்டரில் பணம் இருப்பது பைப் வெல்டிங்கில். 6ஜி என்பது பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டி, வெல்டர் சுற்றிவந்து போடும் சோதனை. வழக்கமாக உள்பக்க ரூட்டை (முதல் அடுக்கை) டிக் (டிஐஜி) வெல்டிங்கிலும், மேல் அடுக்குகளை ஆர்க் வெல்டிங்கிலும் போடச் சொல்வார்கள். ஆர்க்குக்கான 7018 வெல்டிங் ராடு ஈரம் இழுக்கும். ஓவனில் காயவைக்காமல் போட்டால் துளை விழும், விரிசலும் வரலாம், எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். தேறிய சான்றிதழும் சும்மா இருந்தால் நிலைக்காது. ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க) விதிப்படி அந்த முறையில் ஆறு மாதம் வெல்டிங் போடாமல் இருந்தால் தகுதி காலாவதியாகும். அதனால் இடைவெளி விடாமல் வேலை செய்ததற்கான கடிதத்தை ஒவ்வொரு கம்பெனியிலும் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே எலக்ட்ரீஷியனோடு உதவியாளாகப் போய்வருகிறவர்கள், படிப்பு இல்லை என்று ஒதுங்கவேண்டாம். ஐந்து வருட அனுபவமும் 21 வயதும் இருந்தால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம், அது அரசு ஐடிஐகளில் நடக்கிறது. கையில் சான்றிதழ் இருந்தால் ஆலைப் பராமரிப்பு வேலைக்கும் பதிவுபெற்ற கான்ட்ராக்டரிடமும் நியாயமான சம்பளம் பேசலாம்.

44-ஆம் நெடுஞ்சாலையும் சென்னை போகும் 48-ஆம் நெடுஞ்சாலையும் சேரும் கிருஷ்ணகிரியில் கனரக டிரைவருக்கு வேலை எப்போதும் உண்டு. இலகுரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்கவேண்டும், வயது 20 நிறைந்திருக்கவேண்டும். கனரக லைசென்ஸோடு கண்டக்டர் லைசென்ஸும் முதலுதவிச் சான்றிதழும் சேர்த்து எடுத்துவிட்டால், அரசுப் போக்குவரத்துக் கழகம் டிரைவர் உடன் கண்டக்டர் பணிக்கு அறிவிப்பு விடும்போது ஓடவேண்டியதில்லை.

அரசு வேலையில் குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது, இரண்டாம் நிலைக் காவலருக்கு 18,200. ஐடிஐ முடித்தவர் எழுதக்கூடிய ரயில்வே உதவி லோகோ பைலட் பணிக்கு 19,900. குரூப் 4-இல் 200 கேள்விகள், அதில் 100 தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு. ஆனால் வேலையை விட்டுவிட்டு வருடக்கணக்கில் இதற்கு மட்டும் உட்காராதீர்கள். வேலையில் இருந்துகொண்டே படிப்பதுதான் எங்கள் யோசனை.

சம்பளம் பேசும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 17,720 என்று சொன்னால் அதில் கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 1,200-உம் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) 520-உம் சேர்ந்திருக்கலாம். அப்படியென்றால் மொத்தச் சம்பளம் 16,000. அடிப்படை 10,000 என்றால் உங்கள் பங்கு பிஎஃப் 1,200, இஎஸ்ஐ 120 போக 14,680. ஓசூரில் அறை வாடகையும் சாப்பாடும் இதிலிருந்துதான். கம்பெனி பஸ் காவேரிப்பட்டணம் வரை வருகிறதா, பாலக்கோடு வருகிறதா என்று கேட்பது ஆயிரம் ரூபாய் சம்பள உயர்வுக்குச் சமம். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இருமடங்கு தரவேண்டும், எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

வேலைக்கு முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. வெளிநாடு என்றால் ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது, முதலில் அங்கே பாருங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி மாறும்போது யுஏஎன் எண் (பிஎஃப்புக்கான உங்கள் நிரந்தர எண்) பழையதே தொடரவேண்டும். புதிதாக ஒன்று போட்டுவிட்டால் பிஎஃப் இரண்டு கணக்காகப் பிரிந்துவிடும். ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தப் பணத்தை எடுப்பதும் சிக்கல். முதல் வேலையில் சேருமுன்பே திருத்திவிடுங்கள்.