குமரிக் கடலில் தூண்டில் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து விடுமுறை நாட்களில் ராடும் ரீலுமாகக் கடற்கரைக்கு வருகிறவர்களை இப்போது முட்டத்துப் பாறைகளிலும், மணக்குடிப் பொழிமுகத்திலும், கடலரிப்பைத் தடுக்க ஊருக்கு ஊர் கட்டப்பட்டிருக்கும் தூண்டில் வளைவுகளிலும் பார்க்க முடிகிறது. பிழைப்புக்காக அன்றிப் பொழுதுபோக்காக மீன்பிடிக்கும் இவர்களில் பலர், கடல் மீன்பிடிச் சட்டங்கள் எல்லாம் விசைப்படகுக்காரர்களுக்கு எழுதப்பட்டவை, நமக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று நம்புகிறார்கள். இதில் பாதி உண்மை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் மீன்பிடிப் படகுகளின் பதிவையும் உரிமத்தையும் அவை பயன்படுத்தும் வலைகளையும் பற்றியே பெரிதும் பேசுகிறது. கரையில் நின்று ஒற்றைத் தூண்டில் வீசுகிறவரை அது தேடி வருவதில்லை. ஆனால் அவர் ஒரு படகை அமர்த்தி ஏறிய கணத்திலும், அவருடைய தூண்டிலில் பிடிக்கக்கூடாத உயிர் ஒன்று மாட்டிய கணத்திலும் அந்த நம்பிக்கை செல்லாததாகிவிடுகிறது.

ஒரே மாவட்டம், இரண்டு நாட்காட்டிகள்

மிகப் பரவலான தவறு தடைக்காலத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று செய்திகளில் படித்துவிட்டு, அது மாநிலம் முழுவதற்கும் பொருந்தும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த 61 நாட்கள் கிழக்குக் கடற்கரைக்கு உரியவை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சின்னமுட்டம் துறைமுகம் அந்தக் கணக்கில் வருகிறது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய மேற்குக் கரைத் துறைமுகங்களுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதுவும் 61 நாட்கள்தான். ஆகவே மே மாதத்தில் சின்னமுட்டத்து விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது குளச்சல் படகுகள் கடலில் இருக்கும். ஜூலையில் இது தலைகீழாகும். இரு பக்கமும் சேர்ந்து ஓய்ந்திருப்பது ஜூன் மாதத்தின் முதல் 14 நாட்கள் மட்டுமே. மேற்கில் அனுமதி இருக்கும் நாளில் அங்கிருந்து ஒரு விசைப்படகை அமர்த்திக் கிழக்குப் பக்கம் போய் மீன்பிடிக்கலாம் என்று கணக்குப் போடுவோரும் உண்டு. தடை துறைமுகத்தின் வாசலோடு நிற்பதில்லை, அந்தக் கடலுக்கே உரியது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நீரோடியைத் தாண்டிப் பொழியூர்ப் பக்கம் கால் வைத்தால் கேரளம். அங்கே இழுவைப்படகுகளுக்கான மழைக்காலத் தடை ஜூன் 9ஆம் தேதி நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாட்கள் நடைமுறையில் உள்ளது. அதைவிட முக்கியமாக, எந்த மீனை எந்த அளவுக்குக் கீழ்ப் பிடிக்கக்கூடாது என்பதற்கு அங்கே அளவுப்பட்டியல் இருக்கிறது: சாளை 10 சென்டிமீட்டருக்கும் அயிலை 14 சென்டிமீட்டருக்கும் குறையக்கூடாது. எல்லையோரத்தில் தூண்டில் போடுகிறவர் தாம் நிற்பது எந்த மாநிலத்து மணல் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வள்ளமும் கட்டுமரமும் தடைக்காலத்திலும் கரையோரக் கடலில் தொழிலுக்குப் போகின்றன என்பதால், அந்த நாட்களில் ஃபைபர் வள்ளத்தை அமர்த்திக்கொண்டு போவது பிழையில்லை என்று ஒருவர் வாதிடலாம். நாட்டுப்படகுகளுக்குக் கொடுத்த விலக்கு அன்றாடம் கடலை நம்பி வாழும் குடும்பங்களின் சோற்றுக்காகக் கொடுத்தது. தென்மேற்குப் பருவமழையின்போது அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழும் இந்தக் கடலில் சாளை உள்ளிட்ட பல மீன்கள் முட்டையிடும் பருவத்தில், பொழுதுபோக்குக்காக அதே விலக்கில் ஒதுங்குவது எனக்கு ஒப்பவில்லை. அது போக, மீன்பிடிக்கப் பதிவான வள்ளம் பயணிகளை ஏற்றும் படகாகிவிடாது. உயிர்காப்பு உடை இல்லாத வள்ளத்தில் ஏறுகிறவர் சட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் தம் உயிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

தூண்டிலில் மாட்டியது எது என்று தெரியாமலிருப்பது

பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளரை நேரடியாகத் தொடும் சட்டம் மீன்வளத் துறையுடையது அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். கடலில் வனவிலங்கா என்று சிரிப்பவர்கள் அதன் முதல் அட்டவணையைப் பார்க்க வேண்டும். கடலாமைகள், ஓங்கில்கள் (டால்பின்கள்), திமிங்கிலங்கள் ஆகியவற்றோடு திமிங்கிலச் சுறா, கடற்குதிரை, கடல் அட்டை, பவளம், வேளா மீன் எனப்படும் வாள்மூக்கு உயிர், கலவா இனத்திலேயே மிகப் பெரிதாக வளரும் ராட்சதக் கலவா ஆகியவையும் பாதுகாப்பில் உள்ளன. இவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதற்குத் தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரையிலான சிறை. 'தெரியாமல் மாட்டிக்கொண்டது' என்பது மீனைக் கடலில் விட்டபின் சொல்லக்கூடிய விளக்கம். அதைத் தோளில் போட்டுப் படம் எடுத்து முகநூலில் ஏற்றிய பின்பு சொல்லிப் பயனில்லை. ராட்சதக் கலவாவின் குஞ்சு மஞ்சளும் கருப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும், வளர்ந்தது சாம்பல் படிந்த பழுப்பாக இருக்கும். இரண்டும் ஒரே மீன் என்று அறியாமல் குஞ்சை அழகு மீன் தொட்டிக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

சுறா விஷயத்தில் குழப்பம் வேறுவிதம். தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள் என்பதால் எல்லாச் சுறாவும் அனுமதிக்கப்பட்டதே என்ற எண்ணம் இங்கே ஊறிக்கிடக்கிறது. பல வகைகளைப் பிடிக்கத் தடையில்லை என்பது சரிதான். ஆனால் துடுப்பை மட்டும் அறுத்தெடுத்து உடலைக் கடலில் வீசுவதற்கு 2013 முதல் தடை உண்டு. துடுப்பு ஏற்றுமதியும் 2015இல் நிறுத்தப்பட்டது. சுறா மெதுவாக வளர்ந்து, தாமதமாக இனப்பெருக்கம் செய்து, சில குட்டிகளை மட்டுமே ஈனும் உயிர் என்பதால், வாழ்வாதாரத் தேவை இல்லாதவர் அதைக் குறிவைக்காமலிருப்பதே முறை.

சிங்கி இறாலும் இப்படித்தான். பாறை நிறைந்த நம் கரையில் அது கிடைக்கும் என்பது ஊரறிந்தது. 2003ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு அறிவிக்கை, நம் பாறைகளில் மிகுதியாகக் கிடைக்கும் வகையை 200 கிராமுக்குக் குறைந்த எடையில் ஏற்றுமதி செய்யக்கூடாது என்கிறது. அது ஏற்றுமதிக்கான விதிதான், வீட்டுச் சட்டிக்கு அன்று. இருந்தாலும், சிறு சிங்கியை நீரில் விட வேண்டுமா என்று கேட்பவருக்கு அந்த எடையை விட நல்ல அளவுகோல் கையில் இல்லை. வயிற்றுக்கடியில் மணிமணியாக முட்டை ஒட்டியிருக்கும் பெண் சிங்கியை எந்த எடையிலும் எடுக்கக்கூடாது.

உண்ணக்கூடாததையும் சொல்லிவிட வேண்டும்: உப்பிக்கொள்ளும் பேத்தை மீனின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. நன்றாகக் கழுவிச் சமைத்தால் சாப்பிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

விட்டுவிட்டோம் என்ற திருப்தி

பிடித்ததை உயிரோடு திரும்ப விடுவது இப்போது ஒரு நாகரிகமாகப் பரவிவருகிறது. அது வரவேற்கத்தக்கதே, ஆனால் விட்ட மீன் பிழைத்ததா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆழமான பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், ஏறத்தாழ 30 பாக (55 மீட்டர்) ஆழத்திலிருந்து, ஒரு கலவாவை வேகமாகச் சுற்றி மேலே கொண்டுவந்தால் அதன் நிலை எப்படி இருக்கும் என்று கூர்ந்து பார்க்க வேண்டும். நீரின் அழுத்தம் திடீரெனக் குறைவதால் உள்ளிருக்கும் காற்றுப்பை ஊதிப் பெருக்கிறது, கண்கள் பிதுங்குகின்றன, இரைப்பை வாய்வழியே இளஞ்சிவப்புப் பந்தாக வெளித்தள்ளி நிற்கிறது. அந்தப் பந்தைக் காற்றுப்பை என்று எண்ணி ஊசியால் குத்துகிறவர்கள் மீனின் இரைப்பையைக் கிழிக்கிறார்கள். குத்தாமல் அப்படியே விட்டாலும் அது மூழ்க முடியாமல் மேல்மட்டத்தில் வயிறு மேலாக மிதந்து, கடற்பறவைக்கோ வெயிலுக்கோ இரையாகும். பாரம் கட்டிய கயிற்றில் கீழ்த்தாடையை மெல்லக் கோத்து மீனைப் பழைய ஆழத்துக்கே இறக்கி, ஒரு சுண்டு சுண்டி விடுவித்தால் அழுத்தம் திரும்பி அது பிழைக்க வாய்ப்புண்டு. அதற்கு ஏற்பாடு இல்லையென்றால் ஆழப் பாரில் 'பிடித்து விடும்' விளையாட்டே வேண்டாம்.

கலவாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் பல வகைகள் பெண்ணாக வளர்ந்து, பெருத்த பின்பு ஆணாக மாறுகின்றன. பெரிய மீனையே தேடிப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு பாரில் ஆண்களே இல்லாமற் போகும் நிலை வரலாம். படத்துக்குப் பெரிது வேண்டும் என்கிற ஆசை இங்கே நேரடியாகக் கேடு செய்கிறது.

கரையில் பிடிக்கும் பாறை மீன், சீலா மீன் போன்றவற்றுக்குச் செய்ய வேண்டியது எளிது: கையை நனைத்துக்கொண்டு பிடித்தல், சூடான பாறையிலும் மணலிலும் போடாதிருத்தல், செவுளில் விரல் விட்டுத் தூக்காதிருத்தல், தூண்டில் முள் விழுங்கப்பட்டிருந்தால் பிடுங்காமல் தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிடுதல். வளைந்து உள்நோக்கித் திரும்பிய வட்ட முள்ளைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் உதட்டோரத்திலேயே மாட்டும்.

வெட்டிய நரம்பு எங்கே போகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தூண்டில் வளைவுகளில் போடப்பட்டிருக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளுக்கிடையே பார்த்தால் தங்கூசி எனும் நைலான் நரம்பும் ஈயக்கட்டியும் சிக்குச் சிக்காகத் தொங்கும். அது மக்குவதில்லை, நண்டும் பறவையும் அதில் மாட்டும். சிக்கியதை இழுத்து அறுத்துவிட்டுப் புது முள் கட்டுவதற்குள், அறுந்த முனையைச் சுருட்டிப் பையில் வைக்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஊரைக் கேளாமல் இறங்குவது

அரசாணையில் இல்லாத கட்டுப்பாடுகள் நம் கடற்கரை ஊர்களில் உண்டு. பெரும்பாலான மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. சில வலைகளையும் முறைகளையும் ஊரே விலக்கி வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் கரையிலேயே ஓர் அந்நியர் வரிசையாகத் தூண்டில் நட்டு உட்கார்வது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் மரியாதைக் குறைவு. ஊர்க் கமிட்டியிலோ கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கினால், எங்கே நிற்கலாம், கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையை எந்த நேரம் இழுப்பார்கள், நீரோட்டம் எப்படி என்பதெல்லாம் சேர்ந்தே கிடைக்கும்.

இரைக்காகப் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவதும் சரியன்று. கடியப்பட்டணம் முதல் இனயம் வரை அந்தச் சிப்பிக்காக மூச்சடக்கி முங்கிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. குஞ்சுச் சிப்பி பெயர்த்தெடுக்கப்பட்ட பாறை மறு பருவம் வெறுமையாகக் கிடக்கும். இன்னொன்று, கரைமலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் கோத்துத் தலைமுறைகளாக நினைவில் வைத்திருக்கும் பார்களின் இடத்தை, ஒரு முறை கூட்டிப்போனார்கள் என்பதற்காக ஜிபிஎஸ் எண்ணோடு யூடியூபில் போடுவது. இதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கூட்டிப்போனவர் மறுமுறை கூட்டிப்போக மாட்டார், அவ்வளவுதான்.

கடலின் நிலையை வானத்தைப் பார்த்து முடிவு செய்வதும் உயிருக்கு உலை வைக்கும் தவறு. 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்தபோது புயலோ மழையோ இல்லை. தெற்கே இந்தியப் பெருங்கடலில் தொலைவில் எழும் பேரலை இங்கே காற்றில்லாத நாளிலும் திடீரெனப் பொங்கிக் கரையேறும். கள்ளக்கடல் என்று அதற்கு எச்சரிக்கை விடுப்பது ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம். அந்த எச்சரிக்கை உள்ள நாளில் தூண்டில் வளைவின் முனையில் நிற்கக்கூடாது. கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 ஆகிய இரண்டு எண்களும் கைப்பேசியில் இருக்கட்டும்.

பார்த்ததைச் சொல்லாமல் போவது

கரையில் மணிக்கணக்கில் நிற்கும் தூண்டில்காரர் பார்ப்பதை வேறு யாரும் பார்ப்பதில்லை. அதனால் அவர் வாய் திறக்காமல் போவதும் ஒரு தவறே. குளிர்காலம் தொடங்கிப் பங்குனி வரை ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த இரவுகளில் தலைவிளக்கை மணல்மீது பாய்ச்சுவதும் மணலில் பைக் ஓட்டுவதும் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். ஆமைத் தடமோ முட்டைக்குழியோ கண்ணில் பட்டால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இறந்து ஒதுங்கிய ஆமையும் ஓங்கிலும் அப்படியே. உயிரோடு ஒதுங்கிய ஓங்கிலை வாலைப் பிடித்துக் கடலுக்குள் இழுப்பது அதன் மூட்டைப் பிசகச் செய்யும், அதன் மூச்சுத்துளைக்குள் நீர் போகாமல் ஈரத் துணியால் உடலை மூடி ஆட்கள் வரும்வரை காப்பதே உதவி.

மீன் விவரங்களைப் பொதுமக்கள் பதிவு செய்ய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மார்லின் என்ற கைப்பேசிச் செயலியை உருவாக்கியிருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் யாரும் பதியலாம். பலர் அனுப்பும் படங்கள் ஆராய்ச்சிக்குப் பயன்படாமற் போவதற்குக் காரணம், மீனைக் கேமராவுக்கு நேரே நீட்டிப் பிடித்திருப்பது. அதில் இரண்டு சாண் மீன் நான்கு சாணாகத் தெரியும். மீனைப் பக்கவாட்டில் கிடத்தி, துடுப்புகள் விரிந்திருக்க, அருகில் ஓர் அளவுகோலையோ பத்து ரூபாய் நாணயத்தையோ வைத்து, தேதியும் கரையின் பெயரும் சேர்த்து எடுத்தால் போதும். மீன் கிடைக்காமல் திரும்பிய நாளையும் எழுதி வைக்க வேண்டும். கிடைத்த நாட்களை மட்டும் பதிந்தால் கடலில் மீன் குறைகிறதா இல்லையா என்பதை அந்தக் குறிப்பிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.