பாஸ்போர்ட் விண்ணப்பம்: போலித் தளங்களில் சிக்காமல் இருக்க

தேடுபொறியில் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைத் தேடும்போது, பட்டியலின் உச்சியில் வருவது அரசுத் தளமாகவே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பணம் செலுத்தியவரின் விளம்பரமும் 'ஸ்பான்சர்டு' என்ற சிறு குறிப்புடன் அதே இடத்தில் தோன்றலாம். இத்தகைய போலித் தளங்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்துள்ளது.

எனவே, எதையும் நிரப்புவதற்கு முன் முகவரியைப் படியுங்கள். தளத்தின் பெயர் முடிந்து முதல் ஒற்றைச் சாய்கோடு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் 'பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன்' என்று இருக்க வேண்டும். ஜிஓவி டாட் இன் என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கே உரியது. டாட் காம், டாட் ஓஆர்ஜி, வெறும் டாட் இன் ஆகியவற்றை யாரும் பதிவு செய்துகொள்ளலாம் என்பதால், பெயரில் 'இந்தியா', 'சேவா' போன்ற சொற்களோ பக்கத்தில் அரசுச் சின்னமோ இருப்பது சான்றாகாது. பூட்டுக் குறியும் அப்படித்தான்; தகவல் மறையாக்கம் செய்து அனுப்பப்படுகிறது என்பதற்கு மேல் அது எதையும் உறுதிசெய்வதில்லை.

பெரியவர்களுக்கான 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டின் கட்டணம் 1,500 ரூபாய். தத்கால் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். இதற்கு மேல் 'ஆலோசனைக் கட்டணம்' கேட்கும் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். பணத்தைவிட எனக்குப் பெருங்கவலை தருவது, அந்தப் படிவத்தில் நாம் தரும் ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் முன்பின் தெரியாதவர் கைக்குப் போவதுதான்.

பணம் செலுத்திவிட்டவர்கள் தாமதிக்காமல் வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் புகார் அளிக்க வேண்டும்.