மாசி, பங்குனியில் அழகர்மலைப் பக்கம் சைக்கிள் பயணம்

மதுரையிலிருந்து மலைப்பக்கம் சைக்கிளில் போக விரும்புகிறவர்களுக்கு, மாசி தொடங்கிப் பங்குனி பாதி வரையிலான நாட்களே தோதானவை. அதிகாலைக் குளிர் அப்போதும் மிச்சமிருக்கும். நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் பூ பிஞ்சாகத் தொடங்கியிருக்கும். ஆனால் இங்குள்ள குன்றுகள் பல மொட்டைப் பாறைகள் என்பதால், வெயில் ஏறிய பிறகு மேலிருந்து மட்டுமல்லாமல் பக்கவாட்டிலிருந்தும் அனல் அடிக்கும். ஆகவே தூரத்தைவிட நேரத்தைக் கணக்கிட்டே திட்டமிட வேண்டும். முன்னும் பின்னும் விளக்குப் பொருத்திக்கொண்டு ஐந்து மணிக்குக் கிளம்பி, ஏற்றத்தை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

அப்பன்திருப்பதி வழியாக அழகர்கோவில் 21 கிலோமீட்டர். அங்கிருந்து பழமுதிர்சோலைக்கு மலைச்சாலையில் ஏறலாம், அல்லது மேலூர்ச் சாலையில் திரும்பி அரிட்டாபட்டிக்குப் போகலாம். முதல்முறை போகிறவர்கள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்வதே என் பரிந்துரை.

இந்தப் பகுதியில் சக்கரத்துக்கு எதிரி மேடு அல்ல, சீமைக்கருவேல முள். கண்மாய்க்கரையில் நிழலைக் கண்டதும் சைக்கிளைச் சாலையை விட்டு இறக்கி உருட்டிச் செல்வதே பெரும்பாலான பஞ்சர்களுக்குக் காரணம். தூக்கிக்கொண்டு போவது மேல். மாற்று ட்யூப் ஒன்று, ஒட்டுப் போடும் சாமான்கள், கைப்பம்ப் ஆகியவை கட்டாயம் வேண்டும். முள் குத்தியது தெரிந்தால், அதைப் பிடுங்குவதற்கு முன் டயரில் அந்த இடத்தை அடையாளம் செய்துகொள்ளுங்கள். ட்யூபை மாற்றிய கையோடு டயரை மாட்டிவிடாமல், உட்புறம் முழுவதும் ஒரு துணியால் தடவிப் பாருங்கள். ஒடிந்து நிற்கும் முள்நுனி துணியில் சிக்கும், சிக்காமல் விட்டால் புது ட்யூபையும் அது பதம் பார்க்கும். அறுவடைக் காலமாதலால் சில இடங்களில் கதிரைச் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். வைக்கோல் செயினிலும் கியரிலும் சுற்றிக்கொள்ளும் என்பதால் அங்கே இறங்கித் தள்ளிச் செல்வதே இருதரப்புக்கும் நல்லது.

மலைச்சாலையில் சைக்கிளை அனுமதிக்கிறார்களா என்று அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி மேட்டில் பெடலை அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடலாம். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். கியர் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. இறங்கும்போது, வளைவுக்குள் நுழைந்த பிறகல்ல, நுழையும் முன்பே இரண்டு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வாழைப்பழத்தை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் அது குரங்குகளுக்குத்தான்.

அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கும் இந்தக் குன்றுகளின் பாறை இடுக்குகளில் வல்லூறுகள் கூடு கட்டும் காலமும் இதுவே என்பதால், கூச்சலும் பாட்டும் கூடாது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். வழியில் உப்புப் போட்ட மோர் கிடைத்தால் விடவேண்டாம். திரும்பும்போது மேலூர் நான்குவழிச்சாலை சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கும் என்று தோன்றினாலும், லாரிகளின் வேகத்தை நினைத்து வந்த வழியிலேயே திரும்புங்கள். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், கள்ளழகர் வைகைக்குப் புறப்பட்டு மலை திரும்பும் வரை, அழகர்கோவில் சாலையில் சைக்கிளுக்கு இடமிருக்காது.