ஷினாஸியின் வாழ்க்கையைப் பத்து நிமிடத்தில் சொல்வது எப்படி

புதுச்சேரியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துருக்கிக் கவிஞரும் பத்திரிகையாளருமான இப்ராஹிம் ஷினாஸியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன், கொஞ்சம் சொதப்பினேன். உஸ்மானிய (ஒட்டோமான்) அதிகாரியாகவும் கவிஞராகவும் இருந்த யாரையாவது உங்கள் தலையிலும் கட்டிவிட்டால் இது உதவும்.

முதலில் பெயர். எஃபெண்டி, பே, பாஷா எல்லாம் பட்டங்கள். துருக்கியில் குடும்பப் பெயர்ச் சட்டமே 1934இல்தான் வந்தது. ஷினாஸியோடு பத்திரிகை தொடங்கிய ஆகாஹ் எஃபெண்டியை நான் "திரு. எஃபெண்டி, திரு. எஃபெண்டி" என்று சொல்லிக்கொண்டே போக, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் "தம்பி, அது 'திரு. ஐயா'ன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றார்.

அப்புறம் தேதி. ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு) 1276 என்று கண்டதும் 1860 என்று எழுதிவிடாதீர்கள், அது 1859 ஜூலைக் கடைசியில் தொடங்கி மறு ஜூலையில் முடிகிற ஆண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் பிரபவ வருஷமும் 1747 சித்திரையில் தொடங்கி 1748 பங்குனி வரை போகிறதே, அதே கதைதான். போதாததற்கு, கஜானாக் கணக்குக்கு 1840 முதல் மார்ச்சில் தொடங்கும் வேறோர் ஆண்டும் அங்கே இருந்தது. மாதம் தெரியாவிட்டால் 1859-60 என்றே எழுதுங்கள்.

சரி, இப்போது ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் உத்தியோகம்: பீரங்கித் தொழிற்சாலையில் குமாஸ்தா, 1849இல் அரசு செலவில் பாரிஸ் படிப்பு, திரும்பி வந்து கல்விச் சபையில் பதவி, 1863இல் பதவி நீக்கம். வலப்பக்கம் எழுத்து: 1859இல் ரசீன், லா ஃபொன்தேன், லமர்தீன் முதலானோரின் பிரெஞ்சுக் கவிதைகளை மொழிபெயர்த்த சிறு நூல், 1860இல் தெர்ஜுமானி அஹ்வால் பத்திரிகை, 1862இல் சொந்தமாகத் தஸ்விரி எஃப்கார். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடுகிறது: தன் பத்திரிகையை ஆரம்பித்த மறு வருஷமே வேலை போயிருக்கிறது, 1865இல் மறுபடி பாரிஸுக்கே போய்விட்டார். நான் வேலையை முதலில் சொல்லி முடித்து, கவிதையைக் கடைசியில் தனியாக வைத்தேன், ரெண்டு வேறு ஆட்களைப் பற்றிப் பேசியதுபோல் ஆகிவிட்டது.

தலைப்புகளைத் தமிழாக்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். தெர்ஜுமான் என்றால் மொழிபெயர்ப்பவர், அதாவது துபாஷி. அந்தப் பத்திரிகையை நான் 'நிலவரத் துபாஷி' என்றதும்தான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது, ஆனந்தரங்கப் பிள்ளையே துபாஷியாக இருந்த ஊராயிற்றே.

துருக்கி தெரியாதென்றால் மொழிபெயர்ப்பின் அழகைப் புகழ வேண்டாம். யாரைத் தேர்ந்தெடுத்தார் என்று மட்டும் சொல்லி, பிரெஞ்சு படித்த ஒருவரைப் பிடித்து (நம்மூரில் அதற்கா பஞ்சம்) லா ஃபொன்தேனின் நாலு வரியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசி ஒரு நிமிடத்தை அகராதிக்கு ஒதுக்குங்கள், நான் மறந்தே போனேன். பெரிய துருக்கி அகராதி ஒன்றில் வருஷக்கணக்காக உழைத்து, அதை முடிக்காமலே 1871இல் இஸ்தான்புல்லில் இறந்துபோனார்.