வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: மதிப்பெண் பட்டியலிலிருந்து திட்டமிடுங்கள்

பரிமாற்ற மாணவராக ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தேன். இப்போது கிளம்பத் தயாராகும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: விசாவிலிருந்தோ விமான டிக்கெட்டிலிருந்தோ தொடங்காதீர்கள். திரும்பி வந்தபின் உங்கள் துறையில் கொடுக்கப்போகும் மதிப்பெண் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அதில் இருக்கும் பாடங்களை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் அங்கே படித்ததெல்லாம் பட்டத்தில் சேரும். இல்லையென்றால் முழுதாகப் படித்து முடித்தும் ஒரு செமஸ்டர் பின்தங்கி நிற்க நேரும்.

படி 1: எந்த செமஸ்டர் என்று முடிவு செய்யுங்கள்

இதைக் கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே செய்யுங்கள். பாடத்திட்டத்தை எடுத்து, கட்டாயப் பாடங்களும் ஆய்வகமும் குறைவாக, விருப்பப் பாடங்கள் அதிகமாக இருக்கும் செமஸ்டரைக் கண்டுபிடியுங்கள். கடைசி செமஸ்டர் வேண்டாம் என்பேன். அங்கிருந்து மதிப்பெண் வரத் தாமதமானால் பட்டம் வாங்குவதும் தள்ளிப்போகும்.

இரண்டு கல்வி நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் பொதுவாக அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும், தேர்வு அதற்கும் அப்புறம்கூட நடக்கும். ஜப்பானில் கல்வியாண்டு தொடங்குவதே ஏப்ரலில். உங்கள் அடுத்த செமஸ்டர் ஜனவரியில் ஆரம்பமானால் என்ன செய்வது என்பதை இப்போதே துறையில் பேசிவிடுங்கள்.

போகும் வழியையும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டும். இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால், பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைச் சொந்தப் பல்கலைக்கழகத்தில் மட்டும் கட்டினால் போதும். ஒப்பந்தம் இல்லாமல் நீங்களாகப் போனால் அங்குள்ள கட்டணம் முழுவதும் உங்கள் தலையில். 1987-இல் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் இப்போது ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் உதவித்தொகை தருகிறது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் அந்தத் திட்டத்தின் கீழ் உடன்படிக்கை இருக்க வேண்டும். சர்வதேச அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

படி 2: பாடங்களைப் பொருத்துங்கள்

மற்ற எல்லாப் படிகளுக்கும் ஆகும் நேரத்தைவிட இதற்கு அதிகம் ஒதுக்குங்கள்.

ஒரு தாளின் நடுவில் கோடு போடுங்கள். இந்த செமஸ்டரில் இங்கே படிக்க வேண்டிய பாடங்கள் இடப்பக்கம், அங்கே அவற்றுக்கு ஈடானவை வலப்பக்கம். பெயரை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். புள்ளியியல் என்ற ஒரே பெயரில் ஓரிடத்தில் நிகழ்தகவுக் கோட்பாடு நடத்துவார்கள், இன்னோரிடத்தில் கணினியில் தரவுகளை அலசச் சொல்லித்தருவார்கள். சிலபஸை அலகு அலகாக ஒப்பிட்டால்தான் இது தெரியவரும்.

அடுத்து கிரெடிட் கணக்கு, அதாவது ஒவ்வொரு பாடத்தின் படிப்புச் சுமைக்கும் கொடுக்கும் எண். ஐரோப்பாவில் பரவலாக இருக்கும் ஈ.சி.டி.எஸ் என்ற கிரெடிட் முறையில் ஒரு வருடத்துக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. பிரிட்டனில் அதே சுமை 60 கிரெடிட்டாக இருக்கும், அமெரிக்காவில் சுமார் 15. அதனால் எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் தப்பாகிவிடும். ஒரு முழு செமஸ்டரில் இந்தப் பாடம் எத்தனை பங்கு என்று பாருங்கள். ஒரு ஈ.சி.டி.எஸ் கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் 30 கிரெடிட்டுக்கு 750 முதல் 900 மணி நேரம். கால அட்டவணையில் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர வகுப்புதானே என்று நினைக்க வேண்டாம், மீதியை நீங்களே உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

வலப்பக்கம் எழுதிய ஒவ்வொரு பாடத்தைப் பற்றியும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டு மூன்று விஷயங்கள் கேளுங்கள்: நான் வரும் செமஸ்டரில் இது நடக்கிறதா, எந்த மொழியில் நடத்துகிறீர்கள், பரிமாற்ற மாணவர்களைச் சேர்ப்பீர்களா. நான் முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டேன். இணையதளத்தில் பாடத்தின் பெயர் இருந்தது, ஆனால் அதை அடுத்த செமஸ்டரில்தான் நடத்துவார்கள் என்பது போய்ச் சேர்ந்தபிறகே தெரிந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாற்றுப் பாடம் எழுதி வைத்திருந்தால் அன்று அவ்வளவு தவித்திருக்க மாட்டேன்.

பட்டியல் தயாரானதும் துறையில் கையெழுத்து வாங்குங்கள். எராஸ்மஸில் இதை லேர்னிங் அக்ரிமென்ட் என்பார்கள். நீங்கள், உங்கள் பல்கலைக்கழகம், அந்தப் பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் கையெழுத்திடும். வேறு வழியில் போகிறவர்களும் இப்படியொரு தாளைத் தயார்செய்து கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் எப்படி மாறும் என்பதும் அதில் இருக்கட்டும். பிரான்சில் 20-க்குப் போடுவார்கள், 14 என்பது நல்ல மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 5.0 தோல்வி. இதை எந்த அட்டவணைப்படி மாற்றுவீர்கள், அல்லது வெறும் தேர்ச்சி என்று மட்டும் பதிவீர்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 3: விசா, இருப்பிடம், காப்பீடு

அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்றே விசா வேலையைத் தொடங்குங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாள்தான் தங்கலாம், அது ஒரு செமஸ்டருக்குப் போதாது. அந்த நாட்டின் நீண்டகால விசாவோ வசிப்பிட அனுமதியோ வேண்டும். அமெரிக்காவுக்குப் பரிமாற்ற மாணவராகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜே-1 விசாவில் போகிறார்கள். அதற்கு டி.எஸ்-2019 என்ற படிவத்தை அங்கிருந்து அனுப்புவார்கள், அது வரும்வரை விண்ணப்பிக்க முடியாது. நீங்கள் திரும்பும் தேதிக்கு அப்புறமும் ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாகும்படி இருக்கட்டும்.

தங்குமிடத்துக்குப் பல்கலைக்கழக விடுதியை முதலில் முயலுங்கள். வெளியே அறை எடுத்தால், நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். காப்பீடு விசாவுக்கு மட்டும் பொருந்தினால் போதாது, பல்கலைக்கழகம் கேட்கும் நிபந்தனைக்கும் பொருந்த வேண்டும்.

படி 4: முதல் மூன்று வாரம்

நாள் ஒன்றுக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரிப் பதிவு இருக்கிற நாடுகளில் அதை முதலில் முடியுங்கள் (ஜெர்மனியில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும்). மாணவர் அட்டை, வங்கிக் கணக்கு, நூலக அட்டை எல்லாம் அப்புறம்.

பாடம் மாற்றக்கூடிய காலமும் இதுதான். எனக்குப் பாடம் மாறியபோது துறையில் போனில் பேசினேன், சரி என்றார்கள், நானும் நிம்மதியாகப் படிக்கப் போய்விட்டேன். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். திருத்திய பட்டியலை மெயிலில் அனுப்பி, ஒப்புதல் பதிலாக வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள். பல இடங்களில் வகுப்பில் சேர்ந்தால் மட்டும் தேர்வு எழுத முடியாது, அதற்குத் தனியாகக் கடைசித் தேதி உண்டு.

படி 5: மனசு தளரும்போது

இதையும் ஒரு படியாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதற்கும் தயாராகப் போக வேண்டும். எனக்கு ஐந்தாவது வாரத்தில் வந்தது. வகுப்பில் எல்லாரும் சிரிக்கும்போது எதற்கென்று புரியாது, அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. நான்தான் பலவீனமானவள் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. பண்பாட்டு அதிர்ச்சி பற்றி 1960-இல் எழுதிய மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், சின்னத் தாமதத்துக்குக்கூட எரிச்சல் வருவதையும் ஊர் திரும்பும் ஏக்கத்தையும் அதன் அறிகுறிகளாகவே குறிப்பிட்டிருக்கிறார். அது தெரிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. வீட்டாரோடு பேச ஒரு நேரம் குறித்து, மற்ற நேரத்தில் போனைத் தள்ளி வைத்தேன். வாரம் ஒருமுறை கூடும் ஒரு குழுவில் சேர்ந்தேன். ஒரே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்கத்தான் பேச்சு வந்தது. தூக்கமும் பசியும் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் பல்கலைக்கழக ஆலோசகரைப் பாருங்கள். கூச்சப்பட வேண்டியதே இல்லை.

படி 6: கிளம்பும் முன், வந்த பின்

கிளம்பும் வாரத்தில் படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பி.டி.எஃப் ஆக இறக்கி வையுங்கள், ஒப்படைத்த கட்டுரைகளையும் சேர்த்து. பல்கலைக்கழக மெயில் கணக்கு எப்போது மூடப்படும் என்று கேட்டு, முக்கிய மெயில்களைச் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். மதிப்பெண் பட்டியல் உங்கள் கையில் வருமா, நேரே துறைக்குப் போகுமா என்பதையும் கேளுங்கள். எராஸ்மஸ் விதிப்படி முடிவு வெளியாகி ஐந்து வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். மற்ற வழிகளில் நீங்கள்தான் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

நான் திரும்பியபோது, போனில் சரி சொன்னவர் வேறு பொறுப்புக்குப் போயிருந்தார். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் நான்கு மாதம் அலைந்தேன். கடைசியில் காப்பாற்றியது, கிளம்புவதற்கு முந்தின இரவு இறக்கி வைத்த சிலபஸ்தான். அதையும் இங்குள்ள பாடத்தின் சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருந்தும் அலகுகளைக் கோடிட்டுக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார்கள். மதிப்பெண் பதிவேட்டில் ஏறிய பிறகு அதன் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.