மெழுகுக் கிரேயானில் ஓவியம்: முதல் அழுத்தத்திலேயே நேரும் தவறு

மெழுகுக் கிரேயானைப் பள்ளிப் பிள்ளைகளின் பையோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டதால், பெரியவர்கள் அதை எடுத்து வரைய உட்காரும்போதும் முதல் கோட்டிலேயே அழுத்தித் தேய்த்துவிடுகிறார்கள். பிற தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

கிரேயான் என்பது பாரஃபின் மெழுகில் நிறமியைக் கலந்து வார்த்த குச்சி. தாளின் நுண்ணிய மேடுபள்ளங்கள் மெழுகைச் சுரண்டி வைத்துக்கொள்வதால்தான் நிறம் பிடிக்கிறது. அழுத்தித் தேய்த்தால் அந்தப் பள்ளங்கள் ஒரே பூச்சில் அடைபட்டுவிடும். அதற்குமேல் போடும் நிறம் வழுக்கும், அல்லது அடியில் இருப்பதையும் பெயர்த்துக்கொண்டு உருண்டு திரளும். தில்லி ஆர்.கே.புரத்தில் உள்ள முருகன் கோயிலான மலை மந்திரின் கருங்கல் சுவரை வரைய நான் முதலில் சாம்பல் நிறக் குச்சியையே அழுத்தித் தேய்த்தேன். கிடைத்தது சிமெண்டுச் சுவர். செம்பழுப்பை மெல்லத் தடவி, அதன்மேல் கருநீலத்தை அதே இலேசான கையால் இரண்டு மூன்று முறை ஓட்டிய பிறகே கல்லின் சாம்பல் வந்தது. நிழலுக்குக் கறுப்பை எடுப்பதும் இதே அவசரத்தின் விளைவுதான், ஏனெனில் கறுப்பு பக்கத்து மஞ்சளில் இழுபட்டால் அதை மீட்க வழியில்லை.

வழவழப்பான நகல் தாள் இதற்கு ஆகாது. 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) எடையுள்ள, சற்றுச் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் எனும் தடித்த ஓவியத் தாள் வேண்டும். ரப்பர் மெழுகை அழிக்காது, ஈஷும். வெள்ளைக் குச்சி அடர்நிறத்தை மறைக்கும் என்று நம்பி ஒளிபடும் இடங்களையும் நிரப்பிவிடாமல், அங்கே தாளை வெறுமையாக விட்டுவைப்பதே நல்லது. தவறிவிட்டால் பிளேடு நுனியால் மெழுகைச் சுரண்டிப் பார்க்கலாம். நீர்வண்ணத்தோடு சேர்ப்பவர்கள், முதலில் மெழுகு, பிறகு நீர்வண்ணம் என்ற வரிசையை மாற்றிவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் தஞ்சம் புகுந்தவர்களை வரைந்த ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர், மெழுகுக் கோட்டின்மேல் வண்ணநீரைப் பூசினார். மெழுகு நீரை விலக்கியதால் உருவங்கள் இருளிலிருந்து எழுந்து நின்றன.

தில்லியின் பருவங்களும் கணக்கில் வரவேண்டும். ஜனவரிக் குளிரில் குச்சி இறுகிக் கோடு மங்கலாக விழும். உடனே அழுத்தத்தைக் கூட்டினால் குச்சி முறியும், ஆகவே சிறிது நேரம் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது, பரணிலோ நிறுத்திய காருக்குள்ளோ அடுக்கிவைத்த ஓவியங்களின் மெழுகு இளகி, ஒன்றின் நிறம் மற்றொன்றின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இடையில் பட்டர் பேப்பர் வைப்பதும், சட்டமிடுகையில் கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி அட்டை விளிம்பு கொடுப்பதும் அவசியம். சில மாதங்களில் அடர்நிறங்களின்மேல் வெண்படலம் பூத்தால், நிறம் வெளுத்துவிட்டதென்று கருதி மறுபடி தீட்டத் தொடங்காதீர்கள். அது மேலே கசிந்த மெழுகு. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே போகும்.